இரத்தசோகை இல்லாத ஊரில் நான்கு நாள்

எங்கள் அலுவலகத்தில் வாய் சாமர்த்தியம் உள்ளவர்களை ஜெனீவாவுக்கு அனுப்புவார்கள். கொஞ்சம் குறைந்தவர்களை நைரோபிக்கு. என்னைச் சங்கரன்கோவிலுக்கு அனுப்பினார்கள். கோடம்பாக்கத்தில் பிறந்து தாம்பரம் தாண்டினாலே தலை சுற்றும் எனக்கு இதுவும் வெளிநாடுதான் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். தப்பில்லாத கணக்கு.

நாட்டு வளர்ச்சித் திட்டத்தில் சுகாதாரத்துக்கென்று எழுதி வைத்திருக்கிற இலக்குகளை எந்த ஊர் எட்டியது, எந்த ஊர் எட்டவில்லை என்று கணினியில் அளந்து சொல்வது என் பிழைப்பு. எட்டிய ஊருக்குப் பச்சை, எட்டாத ஊருக்குச் சிவப்பு. இருபது வருஷமாக இந்த டிராஃபிக் போலீஸ் உத்தியோகம்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், அளந்த ஊர்களில் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. திரையில் எல்லாம் தெரியும்போது வெயிலில் போய் என்ன பார்ப்பது?

சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். சின்னக்கரிசல்பட்டி என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயரைச் சொன்னால் அங்கே ஒரு நர்சுக்கு வம்பு. கடுமையான இரத்தசோகை உள்ள கர்ப்பிணி ஒருத்திகூட இருக்கக் கூடாது என்பது இலக்கு. அதற்கான கெடு முடிய இன்னும் வருஷங்கள் கிடக்கின்றன, ஆனால் இந்த ஊர் இப்போதே பூஜ்யத்தைத் தொட்டுவிட்டது. தில்லியில் எங்கள் மேலதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை விழா, பெரிய திரை, திரையில் காட்ட ஒரு வெற்றிக் கதை.

"நீங்கள் தமிழ்தானே வசந்தாஜி? போய் நான்கு நாளில் ஒரு தாயைப் பிடியுங்கள். கையில் குழந்தை இருக்க வேண்டும். சிரிக்க வேண்டும். பின்னால் பச்சைப்பசேல் என்று ஏதாவது தெரிந்தால் நல்லது" என்றார். இந்தியில் சொன்னதன் தமிழாக்கம் இது. இந்தியில் இதைவிட அபத்தமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை பத்தரைக்குப் பெட்டியோடு லாட்ஜ் வாசலில் நின்றேன். வெயில் அதற்குள் மண்டையைப் பிளந்தது. மேனேஜர் சாவியை எடுக்காமல் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி பதினொண்ணு ஆவப்போவுது. பிரியாணி சாப்பிடலியா நீங்க?"

"இப்பவா?"

"பின்ன? ரெண்டு மணிக்குப் போனா அண்டாவத்தான் பாக்கலாம். பெட்டி இங்கன கெடக்கட்டும், ஓடுங்க."

சென்னையில் பதினொரு மணிக்கு இரண்டாவது காபி குடிப்போம். இங்கே ஊரே இலை போட்டு உட்கார்ந்திருந்தது. சின்ன அரிசி, கையில் ஒட்டாத நெய், தொட்டால் எலும்பை விட்டு விலகும் கறி. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, டாக்டர் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார், எல்லாவற்றையும் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டுச் சாப்பிட்டேன். எதிரே கடையநல்லூர்க்காரர் ஒருவர், வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவராம், சாப்பிட்டு முடித்த இலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அங்கயும் இந்த ஊர்ப் பேரைப் போட்டு விக்கான். அல்லா மேல சத்தியமா, வாயில வைக்க முடியல" என்றார். அந்த மனுஷனின் துக்கம் உண்மையானது. தேசிய இலக்கு எதிலும் அது இல்லை.

சாயங்காலம் பூ மார்க்கெட் பக்கம் நடந்தேன். மல்லிகையைக் கூடை கூடையாகக் கொட்டி ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் "ஏட்டி கோமதி!" என்று கத்த, ஐந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆறாவதாக ஒரு அம்மாள் போனை எடுத்து, "கோமதி பேசுதேன்" என்றாள். இந்த ஊரின் அம்மன் பெயர் அது. நான் ரசித்துச் சிரித்து, கட்டுரைக்கு ஆகும் என்று குறித்தும் வைத்துக்கொண்டேன். மூளை என்று ஒன்று இருந்திருந்தால் அந்த இடத்திலேயே உறைத்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை டவுன் பஸ். டிக்கெட்டுக்குக் கையை நீட்டினால் கண்டக்டர், "லேடீஸுக்கு ஃப்ரீ யக்கா, சும்மா உக்காருங்க" என்றார். சும்மா உட்கார்ந்தேன். பாதி வழியில் பின் டயர் படார் என்றது. சென்னையாக இருந்தால் இதற்குள் நான்கு பேர் டிரைவரைத் திட்டி, இரண்டு பேர் வீடியோ எடுத்திருப்பார்கள். இங்கே எல்லோரும் நிதானமாக இறங்கி, கருவேல மர நிழலைப் பங்கு பிரித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். நான் மட்டும் நடு ரோட்டில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு லோடு ஆட்டோ நின்றது. பின்னால் நான்கு ஆடு, ஒரு கிடா. "ஏறுங்கம்மா, ஆடு ஒண்ணும் செய்யாது" என்றார் டிரைவர். ஆடு ஒன்றும் செய்யவில்லை. கிடா என் துப்பட்டாவின் ஒரு முனையைத் தின்றது.

இப்படியாக, நாட்டின் வளர்ச்சியை அளப்பவள் ஆட்டு வாடையோடு சின்னக்கரிசல்பட்டி டீக்கடையில் போய் இறங்கினேன். கையில் கணினி தேர்ந்தெடுத்துக் கொடுத்த வெற்றித் தாயின் விவரம் இருந்தது. பெயர் கோமதி, வயது இருபத்து மூன்று, கணவர் சங்கரன், மூன்று வாரத்துக்கு முன் பிரசவம், தாயும் சேயும் நலம், ரத்த அளவு பதினொன்றுக்கு மேல்.

"கோமதி வீடு எது அண்ணாச்சி?"

டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்தவில்லை. "எந்தக் கோமதி?"

"சங்கரன் சம்சாரம்."

"எந்தச் சங்கரன்?"

"இருபத்து மூணு வயசு."

"யாருக்கு? சங்கரனுக்கா, கோமதிக்கா?"

பெஞ்சில் இருந்தவர் எனக்கு விளக்கினார். பிள்ளைவரம் கேட்டுக் கோவிலில் நேர்ந்துகொள்வார்களாம். பெண் பிறந்தால் கோமதி, ஆண் பிறந்தால் சங்கரன். அப்புறம் பொருத்தம் பார்க்கும்போது சங்கரனுக்குக் கோமதி வாய்த்துவிட்டால் சாமியே சேர்த்து வைத்த ஜோடி என்று ஜாதகத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்களாம். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் நாற்பது குழந்தைகள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் இன்னொன்றுக்கு வந்துவிடக் கூடாது என்று பெற்றவர்கள் வாயில் நுழையாத எழுத்துகளாகத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இங்கே அந்தக் கவலையே இல்லை. கடைசியில் நான் போன் நம்பரைக் காட்டினேன். டீக்கடைக்காரர் பார்த்த உடனே, "இது தறி ஓட்டுத சங்கரன் நம்பர்லா! வடக்குத் தெரு, மூணாவது வீடு" என்றார்.

மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். வாயில் பச்சரிசி மென்றுகொண்டிருந்தாள். எட்டு மாத வயிறு. உதடு, நகம், கண்ணுக்குள், எங்கும் ரத்தம் என்று சொல்ல ஒரு பொட்டு நிறம் இல்லை. காலில் வீக்கம்.

"கோமதிங்கிறது?"

"நாந்தான்."

"சங்கரன் சம்சாரம் கோமதி? உங்களுக்கு மூணு வாரத்துக்கு முன்னாடி குழந்தை பிறந்திருக்கே."

அவள் தன் வயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்கா? அப்படியா? ஆணா பொண்ணா, அதையாவது சொல்லுங்க" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், மூச்சு வாங்கியது, மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் திணித்தேன்.

அந்த நேரம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் எஸ்தர், இந்த ஊரின் கிராம சுகாதார நர்ஸ். நாற்பது வயதிருக்கும். தோளில் பை, இடுப்பில் சொருகிய சேலை, முகத்தில் நிரந்தரமாக ஒரு எரிச்சல். தில்லி அலுவலகம் என்னை அனுப்பியிருக்கிறது என்றதும், முதல் வேலையாக என்னை உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். "நூத்தி அறுவது. மாத்திரை போடுதியளா, இல்ல பையில வச்சுருக்கியளா? சரி, வந்த ஆளைச் சும்மா விடக்கூடாது, இந்த மாசக் கணக்குல உங்களையும் சேத்துக்கிடுதேன்" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். அளக்க வந்தவளை அளந்து முடித்தாயிற்று.

பிறகுதான் கதை வந்தது. ஊரில் கோமதி சங்கரன் என்று இருபத்து மூன்று வயதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். தெற்குத் தெரு கோமதிக்குக் குழந்தை பிறந்துவிட்டது, நன்றாக இருக்கிறாள். வடக்குத் தெருவில் இருப்பவள் இவள். ஐந்து வாரத்துக்கு முன்னால் எஸ்தர் சோதித்தபோது ரத்த அளவு ஆறரை; ஏழுக்குக் கீழே போனாலே கடுமையான சோகை. அதைக் கணினியில் ஏற்றினாள். மறுநாள் பதிவைக் காணோம். கணினி இரண்டு பேரையும் ஒருத்தியாக்கிவிட்டது. தெற்குத் தெருக்காரியின் உடம்பு, வடக்குத் தெருக்காரியின் போன் நம்பர்.

"மறுபடி ஏத்தினேன், தூக்கிட்டு. நாலு தடவ ஏத்தினேன் மேடம், நாலு தடவயும் தூக்கிட்டு. கடேசில போலிப் பதிவு பண்ணுதேன்னு எனக்கே நோட்டீஸ் வந்துட்டு. ஆபத்துப் பட்டியல்ல இவ பேரே கெடையாது. பெரிய ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட மாட்டாவ, வண்டி அனுப்ப மாட்டாவ. பேரு, புருசன் பேரு, வயசு, ஊரு நாலும் ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணுதானாம்! எந்த வெளங்காத பய எழுதினானோ இந்த ரூல? அவன் வீட்டுல ரெண்டு தட்டு ஒண்ணுபோல இருந்தா ஒண்ணத் தூக்கிக் குப்பையில போட்டுருவானா? அவன மட்டும் நான் பாத்தேன்னு வைங்க..."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த விதியை எழுதியது நான். இரட்டைப் பதிவுகளால் கணக்கு வீங்குகிறது என்று கூட்டத்தில் சொன்னதே நான்தான். நான்கும் ஒன்றானால் ஆள் ஒன்றே என்று நான் பலகையில் எழுதியபோது கைதட்டினார்கள், சமோசா கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே பல ஊர்கள் பச்சைக்கு மாறின. நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

"அவன் ஏதோ நல்லது நினைச்சுத்தான்..." என்று இழுத்தேன்.

"நல்லது நினைக்கதுக்குத் தில்லியில ஏன் இருக்கணும், வீட்டுலயே இருந்து நினைக்க வேண்டியதுதான?"

வாயை மூடிக்கொண்டேன். அது நான் சங்கரன்கோவில் வட்டாரத்தில் செய்த முதல் புத்திசாலித்தனம்.

தறியிலிருந்து சங்கரன் சாப்பாட்டுக்கு வந்தான். தலைமுடியெல்லாம் பஞ்சு. நல்ல பையன்தான், பெண்டாட்டிக்கு மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். ஆனால் எஸ்தர் "திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போணும்" என்று ஆரம்பித்ததும் கையைத் தூக்கி மறித்துவிட்டு, போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"நீங்களே படிங்க மேடம். கவர்மெண்டே அனுப்பியிருக்கு."

அன்புள்ள கோமதி, உங்கள் ரத்த அளவு இயல்பாக உள்ளது, வாழ்த்துகள். அதற்குக் கீழே இன்னொன்று. குழந்தைக்குத் தடுப்பூசி போட மறவாதீர்கள்.

"குழந்தையே பிறக்கலியே தம்பி. அதிலேயே தெரியலையா இது தப்புன்னு?"

"அது முன்கூட்டியே நினைப்பூட்டுதாவ" என்றான் சங்கரன், கொஞ்சமும் அசராமல். "நர்சக்கா எல்லாரையும் இப்படித்தான் பயங்காட்டும். எங்கக்காவுக்கும் ஆபத்து ஆபத்துன்னுச்சு, சொகப்பிரசவம் ஆச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா வயித்தக் கிழிச்சுத்தான் அனுப்புவாவ. இந்த மெசேஜு தில்லியில இருந்து வருது. படிச்சவங்க சும்மா அனுப்புவாவளா?"

படிச்சவங்க என்ற சொல் என்னை என்னவோ செய்தது. உள்ளே கோமதி இரண்டு எட்டு நடப்பதற்குள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மூச்சு முட்டுது நர்சக்கா, போயிருவோமே" என்றாள் எஸ்தரிடம், புருஷனைப் பார்க்காமல். இந்தப் பெண் பிரசவத்தைத் தாங்க மாட்டாள் என்று எனக்கே தெரிந்தது. பயமாக இருந்தது. எனக்குத் தெரிந்து இருபது வருஷத்தில் ஒரு எண்ணைப் பார்த்து நான் பயந்ததில்லை.

"தம்பி, அந்த மெசேஜை அனுப்புற கணினிக்கு ரூல் எழுதினது நான்தான். அது தப்பு. நான் சொல்றேன், கூட்டிட்டுப் போ" என்றேன்.

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. சங்கரன் நிதானமாக யோசித்தான்.

"அப்போ நீங்க எழுதினது தப்பு?"

"ஆமா."

"அப்படின்னா இப்போ சொல்லுதது மட்டும் சரியா இருக்கும்னு என்ன நிச்சயம்?"

ஜெனீவாவில்கூட என்னை யாரும் இப்படி மடக்கியதில்லை. ஜெனீவாவுக்கு என்னை அனுப்பியதே இல்லை என்பது வேறு விஷயம்.

ரேஷன் கடைச் சுவரோரம் நின்றால்தான் அந்த ஊரில் என் போனுக்குச் சிக்னல். அங்கே நின்று தில்லிக்குப் பேசினேன், இவள் பதிவை இப்போதே திறக்க வேண்டும் என்றேன். மேலதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "பூஜ்யம் ஒன்றாகிவிடுமே வசந்தாஜி. அழைப்பிதழில் பூஜ்யம் என்று அச்சடித்தாயிற்று. வெள்ளிக்கிழமை விழா முடியட்டும், திங்கட்கிழமை அந்தப் பெண்ணைத் திறந்துவிடலாம்." ஏதோ ஜன்னலைத் திறப்பதுபோலச் சொன்னார். அவள் திங்கட்கிழமை வரை தாங்குவாளா என்று கேட்டேன். "அதைத்தான் நாம் கண்காணிக்கிறோமே" என்றார்.

ராத்திரி லாட்ஜில் புரோட்டாவும் சால்னாவும் வாங்கி வைத்தும் இறங்கவில்லை. பிரஷர் மாத்திரையை மட்டும் போட்டேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே எஸ்தரின் துணை சுகாதார நிலையத்தில் போய் நின்றேன். ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு தராசு, சுவரில் என் அலுவலகம் அனுப்பிய இலக்கு போஸ்டர். எஸ்தர் "வாங்க" என்றாளே தவிர, உட்காரச் சொல்லவில்லை.

"நான் பதிவைத் திறந்து விடுறேன். எனக்கு அதிகாரம் இருக்கு. நீங்க ஆறரைன்னு ஏத்துங்க."

"ஏத்தினா ஊரு செவப்பாயிரும். செவப்பானா மெமோ எனக்குத்தான் வரும். ஏற்கெனவே ரெண்டு கெடக்கு, மூணாவது வந்தா மலைக்காட்டுக்கு மாத்திருவாவ. வீட்டுல ரெண்டும் பள்ளிக்கூடம் போவுது." நோட்டை எடுத்து விரித்தாள். "வரட்டும். திறங்க மேடம்."

சொல்வது சுலபம். பதிவைத் திறக்க ஓடிபி கேட்கும். மடிக்கணினிக்கு நெட் எஸ்தர் வீட்டு ஒயரிலிருந்து இழுத்தது, நிலையத்தை விட்டு நகராது. ஓடிபி வரும் என் போனுக்கு ரேஷன் கடைச் சுவரோரத்தில்தான் உயிர். கெடு இரண்டு நிமிஷம். நடுவில் இருநூறு அடி, ஒரு சாக்கடை, ஒரு நாய். ஐம்பத்து நான்கு வயதில், முட்டி வலியோடு, ஆறு எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். முதல் தடவை கெடு முடிந்துவிட்டது. இரண்டாவது தடவை நாய் குறுக்கே வந்ததில் நான்காவது எண் மறந்துவிட்டது. மூன்றாவது தடவை அரிசி வாங்க வரிசையில் நின்ற பெண்கள் புரிந்துகொண்டார்கள். என் போனை வாங்கி, சுவரிலிருந்து நிலையம் வரைக்கும் ஆளுக்குப் பத்தடி தள்ளி நின்று, எண்ணைக் கத்திக் கத்திக் கடத்தினார்கள். "ஏழு! ரெண்டு! ஏட்டி, சரியாச் சொல்லு, ரெண்டு!" பாதிப் பேர் பெயர் கோமதி. நான் கணினியில் பாதியாகக் குறைத்துவிட்ட கூட்டம் அது.

பதிவு திறந்தது. நான் முதலில் அந்த விதியை இந்த ஊருக்கு நிறுத்தினேன். எஸ்தர் உட்கார்ந்து ஆறு புள்ளி ஐந்து என்று அடித்தாள். திரை ஒரு நிமிஷம் சுற்றியது, சின்னக்கரிசல்பட்டி சிவப்பாக மாறியது. என் கண்ணெதிரே நான் ஒரு ஊரைச் சிவப்பாக்கியது அதுதான் முதல் தடவை. பயங்கரமாக ஒன்றும் நடக்கவில்லை. வெளியே ஒரு கோழி கொக்கரித்தது.

கருப்பட்டிக் காபி வந்தது. அரை டம்ளர்கூடக் குடித்திருக்க மாட்டேன், தெருவில் செருப்பில்லாமல் ஓடிவந்தான் சங்கரன். தலையில் பஞ்சு, கையில் போன்.

"நர்சக்கா! நர்சக்கா! ஆபத்துன்னு வந்திருக்கு! உடனே பெரிய ஆஸ்பத்திரின்னு போட்டிருக்கு! ஐயோ, என்னக்கா செய்ய, வண்டிக்குச் சொல்லு!"

"அஞ்சு வாரமா நான் என்னலே சொல்லுதேன், சவத்து மூதி!" என்று எஸ்தர் அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். அடித்த கையாலேயே ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். பதினைந்து வருஷம் இந்தத் தெருக்களில் நடந்தவளின் பேச்சு எடுபடவில்லை. நான் நேரில் வந்து சொன்னதும் எடுபடவில்லை. அதே கணினி அனுப்பிய ஒரே ஒரு வரி அவனைச் செருப்பில்லாமல் ஓட வைத்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அழுகைதான் முந்திக்கொண்டது.

ஆம்புலன்சில் நானும் ஏறினேன். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். சில்லென்று இருந்தது கை. "மேடம், எனக்குப் பொறந்ததா சொன்னியள்லா, அந்தப் பிள்ளை எத்தன கிலோ?" என்றாள். இரண்டு கிலோ தொள்ளாயிரம் என்றேன். "நல்ல எடைதான்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

திருநெல்வேலியில் போன உடனே சேர்த்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே முதல் பாட்டில் ரத்தம் ஏறியது. டாக்டரம்மா சங்கரனைக் கூப்பிட்டு, "இன்னும் ஒரு வாரம் விட்டு, அங்கேயே வலி எடுத்திருந்தா ரெண்டு உசுரும் நம்ம கையில இல்ல" என்றார். அவன் போனைப் பையில் போட்டுவிட்டு, வராந்தாத் தரையில் உட்கார்ந்து முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். எஸ்தர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை கோமதியின் உதட்டில் லேசாக நிறம் தெரிந்தது. இட்லி கேட்டாள். நான்கு வாங்கிக் கொடுத்தேன், நாலையும் சாப்பிட்டுவிட்டு வடை இல்லையா என்றாள். எஸ்தர் நோட்டைத் திறந்து எனக்கு ஒரு பக்கத்தைக் காட்டினாள். பக்கத்து ஊர் நர்சுகளின் போன் நம்பர்கள். ராத்திரி முழுக்க அவர்களோடு பேசியிருக்கிறாள். அவர்கள் ஊர்களிலும் கோமதிகள் காணாமல் போயிருக்கிறார்கள். சில ஊர்களில் பட்டியல் நீளம்.

வார்டு வராந்தாவில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். சிவப்பாகக் கட்டம் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. இலக்கிலிருந்து சரிவு, காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும். தேர்ந்தெடுக்காவிட்டால் பட்டியலின் முதல் காரணமே நாளைக்குத் தானாகப் பதிவாகும். முதல் காரணம், பணியாளர் அலட்சியம். அதாவது எஸ்தருக்கு மூன்றாவது மெமோ. இரண்டாவது, பயனாளியின் ஒத்துழையாமை. அதாவது கோமதி. மூன்றாவது மருந்துத் தட்டுப்பாடு, நான்காவது இயற்கைப் பேரிடர். அவ்வளவுதான் பட்டியல். அளந்தவளே தப்பாக அளந்துவிட்டாள் என்று ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

எஸ்தர் என் தோளுக்குப் பின்னால் நின்று நான்கையும் படித்தாள். முதல் வரியை இரண்டு தடவை படித்தாள்.

இயற்கைப் பேரிடரை அழுத்தினேன். உடனே ஒரு கட்டம் திறந்து, பேரிடரின் பெயர் என்ன என்று கேட்டது. வசந்தா என்று அடித்து அனுப்பினேன். எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு வார்டுக்குள் ஓடிவிட்டாள்.

மதியத்துக்குள் தில்லியிலிருந்து, எனக்குத் தெரியாத ஒரு பிரிவிலிருந்து, அவசரக் கடிதம் வந்தது. வசந்தாவின் தற்போதைய நிலை என்ன, அது பக்கத்து வட்டாரங்களுக்கும் பரவ வாய்ப்பு உள்ளதா என்று கேட்டிருந்தார்கள். கட்டாயம் பரவும் என்று பதில் போட்டுவிட்டு, ஊர் திரும்புகிற டிக்கெட்டை ரத்து செய்தேன்.